முனிக்கு நின்ற பஸ்

நீங்கள் எல்லாரும் இப்போது அந்த ரோட்டில் வேனுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கிக்கொண்டு போகிறவர்கள். நானும் அப்படித்தான். பெல்மதுளைச் சந்தியில் ஒரு பிளேன்டீ, சீனிக்கும் பிரஷருக்கும் ஆளுக்கு ஒரு மாத்திரை, கஹவத்தை வருவதற்குள் குறட்டை. அதனால் உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தோட்டத்து லய வரிசையில் ஓர் ஒற்றை அறையில் பிறந்து, எப்படியோ வெளியே வந்து, இன்று பிள்ளைகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ரோட்டில் ஒரு வளைவு இருந்தது. அதை எடுத்துவிட்டு நேராக்கினார்கள். ரோடு நேரானதில் எங்கள் அக்காவின் வாழ்க்கை கோணலாகிப் போனது. வளைவு எடுத்த அந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ரோட்டை உங்களுக்குத் தெரியும். பெல்மதுளையில் பிரிந்து, கஹவத்தையைத் தொட்டு, கொடகவெலப் பக்கம் இறங்கி, கடைசியில் வெயில் காய்கிற எம்பிலிப்பிட்டிய சமவெளிக்குப் போய்ச் சேருகிறது. முதலில் அது யானை நடந்த தடம் என்பார்கள். அப்புறம் மாணிக்கக் கல் வாங்க வந்தவர்களின் பொதி மாடு நடந்ததாம். வெள்ளைக்காரத் துரைமார் வந்த பிறகு மாட்டு வண்டி, அதற்குப் பிறகு லொறி. மலையை வெட்டியவர்கள், கல்லை உடைத்தவர்கள், மண் சரிந்து செத்தவர்கள் நம் ஆட்கள். ரோட்டின் வரலாற்றை யாராவது எழுதினால் துரையின் பெயர் வரும். நம் ஆட்களின் பெயர் வராது. அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை, பழகிப் போய்விட்டது.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே வந்ததும் அந்த ரோடு மலையை நேராகக் கடக்காமல் சுற்றிக்கொண்டு போகும். அங்கே நல்ல தேயிலை இருந்ததால் வெட்ட விடமாட்டேன் என்று அந்தக் காலத்துத் துரை ஒருவர் ஒற்றைக்காலில் நின்றாராம். நிஜமோ பொய்யோ, ரோடு வளைந்தது வளைந்ததுதான். அந்த வளைவின் நெற்றியில் எங்கள் முனி இருந்தார். இடுப்பு உயரக் கல் ஒன்று, அதற்கு மஞ்சளும் குங்குமமும், பக்கத்தில் துருப்பிடித்த சூலம். கல்லுக்குப் பின்னால் பாறையிலிருந்து ஊற்று வரும். அதைப் பிளந்த கமுகு மரத்தில் வாங்கி ரோட்டோரத்தில் விழ விட்டிருந்தார்கள். எங்கள் லயத்துக்குக் குளிக்கவும் குடிக்கவும் அந்தப் பீலிதான். நாங்கள் முனி வளைவு என்போம். சிங்கள டிரைவர்மார் தங்கள் பாஷையில் தெய்யங்கே வங்குவ என்பார்கள். ரெண்டும் ஒன்றுதான்.

காலையில் எம்பிலிப்பிட்டியப் பக்கமிருந்து ஒரு சிவப்பு பஸ் வரும். அது ஏற்றம் ஏறுகிற சத்தம் கீழே பாலத்தடியில் ஆரம்பிக்கும்போதே எங்களுக்குக் கேட்கும். முக்கி முனகி, புகை கக்கி, வளைவுக்கு வந்ததும் நின்றுவிடும். டிரைவர் இறங்கி, சாரத்தை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு, முனிக்கு முன்னால் கை கூப்புவார். கண்டக்டர் ஒரு பெரிய பால்மா டின்னை நீட்டுவார். அதற்குக் கம்பியில் கைப்பிடி போட்டிருந்தது. அதைப் பிடித்து நிரப்பிக் கொடுப்பது என்னுடைய உத்தியோகம்.

"நங்கி, வத்துர டிக்கக் கேன்ன."

கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா தங்கச்சி என்கிறார். நான் பீலியில் பிடித்துக்கொண்டு ஓடுவேன். முன்மூடியைத் திறந்ததும் ஆவி புஸ்ஸென்று கிளம்பும். சுடுதண்ணீர், டீசல், கற்பூரம், ஈர மண் எல்லாம் கலந்த ஒரு மணம் வரும். சொன்னால் சிரிப்பீர்கள், இன்றைக்கும் எங்காவது வாகனம் கொதித்து நின்றால் எனக்குக் கும்பிடத் தோன்றும். அந்த நேரத்துக்குள் எங்கள் லயத்து ஆட்கள், கிளினிக் போகிறவர்கள், கஹவத்தைக் கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அங்கே பஸ் நிற்கிற ஹோல்ட் கிடையாது, பலகை கிடையாது. ஆனாலும் பஸ் நிற்கும்.

இதில் எங்கள் அப்பாவுக்கு இருந்த பெருமையைச் சொல்ல வேண்டும். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். காலையில் மரம் மரமாக ஓடி, கையில் பால் காய்ந்து தோல் உரிய வருவார். விடியக்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கங்காணி ஏசினால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். ஆனால் முனிக்குப் பூசை வைப்பது அவர்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு உடுக்கு எடுத்தால் அதே கங்காணி அப்பாவின் காலில் விழுவார்.

"நம்மளால துரையோட கார வழியில கை காட்டி நிப்பாட்ட முடியுமா? முனி நிப்பாட்டுறார்ல, கவர்மெண்டு பஸ்ஸ!" என்பார் அப்பா.

"தண்ணியும் ஊத்துறாங்களேப்பா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"அது தீர்த்தம்டி. முனி குடுக்குற தீர்த்தம் குடிச்சிட்டுத்தான் பஸ்ஸு மலை ஏறுது."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. தீர்த்தம் கொடுக்கிற வேலை என்னுடையது என்பதால் எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது.

அக்கா அந்தப் பஸ்ஸில்தான் பெல்மதுளைப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போவாள். எங்கள் லயத்திலிருந்து பெரிய சோதனை, அதாவது அரசாங்கப் பரீட்சை, வரைக்கும் போன முதல் பொம்பளைப் பிள்ளை அவள். வெள்ளைச் சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பாள், அதுதான் அவளுடைய இஸ்திரிப் பெட்டி. அவளுடைய கறுப்பு ரிப்பனை யாரும் தொடக்கூடாது. சோதனை பாஸாகிவிட்டால் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சொல்லலாம் என்று அவளுடைய டீச்சர் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்து டீச்சர், கண்டிப்பானவர். அப்பா இதற்கு ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார். சோதனை வரைக்கும் ஒழுங்காகப் போனால் போகட்டும். நின்றால் தோட்டத்து வேலையாள் பட்டியலான செக்ரோலில் பேர் பதிந்துவிடுவோம். பேர் பதிவது என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூடையைத் தூக்கி முதுகில் போட்டால் அதற்குப் பிறகு இறக்குவது பென்ஷனுக்குத்தான்.

தோட்டம் அரசாங்கத்துக்குப் போய், ஒற்றைக்காலில் நின்ற துரையின் வம்சமெல்லாம் கப்பலேறிய பிறகு, ரோட்டை நேராக்க வந்தார்கள். சிவப்புக் கொடி, தார் பீப்பாய், மண் தள்ளுகிற மெஷின் எல்லாம் வந்தன. எங்களுக்கு அது திருவிழா மாதிரி இருந்தது. தார் காய்ச்சுகிற இடத்தில் குளிர் காயப் போய் நின்றோம். மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. ரோட்டு வேலைக்காரர்கள் தின்கிற மரவள்ளிக் கிழங்கில் எங்களுக்கும் ஒரு துண்டு கிடைக்கும்.

மழையோடு மழையாக வேலை முடிந்தபோதுதான் என்ன நடந்தது என்று தெரிந்தது. புது ரோடு எங்கள் லயத்துக்கு நேர் கீழே மலையைப் பிளந்துகொண்டு போனது. லயத்து வாசலுக்கு முன்னால் ஆள் மேல் ஆள் நின்றாலும் எட்டாத செம்மண் வெட்டு. பின்னால் அட்டை கடிக்கிற ரப்பர் காடு. மேலே பங்களா ரோடு, அதில் சங்கிலி போட்ட கேட்டு, நம் ஆட்கள் அதில் காரணமில்லாமல் நடக்கக்கூடாது. பழைய வளைவை இரண்டு பக்கமும் மண் குவித்து அடைத்துவிட்டார்கள். பொறிக்குள் அகப்பட்ட எலி மாதிரி ஆகிப்போனோம். முனியும் உள்ளேதான் அகப்பட்டார்.

புது ரோட்டில் முதல் நாள் பஸ் வந்ததை நாங்கள் வெட்டின் மேலிருந்து பார்த்தோம். முக்கல் இல்லை, முனகல் இல்லை. சர்ரென்று வந்து சர்ரென்று போனது. அக்கா வெள்ளைச் சட்டையோடு மண் சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கி, கையைக் காட்டிக்கொண்டு ஓடினாள். பின் வாசலில் தொங்கிய கண்டக்டர், தினமும் அவளை ஏற்றுகிற அதே ஆள், கையை விரித்தார்.

"மெதன ஹோல்ட் எகக் நே, நங்கி!"

இங்கே ஹோல்ட் கிடையாது. அவ்வளவுதான். நான் வெட்டின் மேலே நிற்கிறேன், கையில் காலி டின். பழைய வளைவில் கடைசியாக வந்த அன்று கண்டக்டர் அதை மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தார். திருப்பிக் கொடுக்க வேண்டுமென்று வைத்திருந்தேன்.

அடுத்த ஹோல்ட் பாலத்தடியில் இருந்தது. லயத்திலிருந்து ரப்பர் காட்டுக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். வயதுக்கு வந்த பெண் இருட்டோடு தனியாக அந்த வழியில் போவதா என்று அப்பா மறித்தார். அம்மா விடியுமுன்னே பெரட்டுக்குப் போக வேண்டியவள். ஆனாலும் சில நாட்கள் அம்மா எப்படியோ கெஞ்சி, வெளிச்சம் வந்த பிறகு என்னைத் துணைக்கு விட்டு அக்காவை அனுப்பி வைத்தாள். சவர்க்காரத் துண்டால் அட்டையைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே நடப்போம். பாலத்தடி போய்ச் சேரும்போது பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸில் போனால் பள்ளிக்கூடத்தில் பாதி நேரம் முடிந்திருக்கும்.

ஒரு நாள் அம்மா கூடவே போய் டீச்சரைப் பார்த்தாள். நானும் போனேன்.

"பிள்ளை கெட்டிக்காரி. அதில எனக்குச் சந்தேகம் இல்லை" என்றார் டீச்சர். "ஆனா இப்பிடி ஒவ்வொரு நாளும் பிந்தி வந்தா நான் என்ன செய்யிறது? சோதனை நேரத்துக்குத் தொடங்கும். அது உங்கட பஸ்சுக்காக நிக்காது."

"நிக்கிறாப்புல ஏற்பாடு பண்ணிடுவாருங்க டீச்சர், எங்க வீட்டுல" என்றாள் அம்மா. அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

லயத்தில் கூட்டம் போட்டார்கள். தோட்டத் தலைவர், அதாவது எங்கள் சங்கத் தலைவர், நேராகவே பேசினார்.

"நாலு பேரு டிப்போவுக்குப் போவோம். இப்படி இப்படின்னு சொல்லுவோம். ஒரு ஹோல்ட்டு தானே, குடுக்காமலா போவாங்க?"

அப்பா எழுந்து நின்றார். பெரட்டில் தலை குனிகிற அப்பா இல்லை, வெள்ளிக்கிழமை அப்பா.

"சாமிக்கு நின்ன பஸ்ஸ மனுசனுக்கு நில்லுன்னு போயிக் கெஞ்சவா? முனிக்கு அது அசிங்கம். பஸ்ஸு ஏன் நிக்கல? முனி இங்க, ரோடு அங்க. முனியத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டு போவோம். தானா நிக்கும்."

எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. தலைவரும் தலையை ஆட்டினார். சாமி விஷயத்தில் யார் வாய் திறப்பது? அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அக்கா மட்டும் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளிருந்து வரவில்லை. சத்தமாக ஆறுகளின் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

சாமியைத் தூக்குவதென்றால் சும்மாவா? நாள் பார்த்தார்கள், மழை வந்தது. வேறு நாள் பார்த்தார்கள், லயத்தில் ஒரு சாவு விழுந்தது. தீட்டுக் கழியக் காத்திருந்தார்கள். அக்கா ஒவ்வொரு நாளும் காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெட்டின் விளிம்பில் வந்து நின்று, பஸ் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சட்டையை மாற்றுவாள். அழுதிருந்தால் யாராவது சமாதானம் சொல்லியிருப்போம். அவள் அழவில்லை, சட்டையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

கடைசியில் ஒரு மத்தியானம் முனியைத் தூக்கினார்கள். தப்பு அடித்து, சேவல் அறுத்து, மூங்கிலில் கட்டி ஆம்பிளைகள் சுமந்தார்கள். வெட்டில் படி செதுக்கி, வழுக்கி, விழுந்து, எழுந்து, புது ரோட்டின் ஓரத்தில் நட்டார்கள். அப்பாவின் முகம் வேர்வையிலும் குங்குமத்திலும் பளபளத்தது. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை லயமே கீழே நின்றது. அக்கா ரிப்பன் கட்டி, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து, முனிக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பா கற்பூரம் ஏற்றினார். பஸ் வந்தது. டிரைவர் முனியைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, நெஞ்சில் வைத்து, பயபக்தியோடு தலையைச் சாய்த்துக் கும்பிட்டார். கும்பிட்டபடியே போய்விட்டார்.

கற்பூரம் காற்றில் அணைந்தது. அப்பா குனிந்து அதைத் திரும்பவும் ஏற்றினார்.

"சாமிக்கும் எடம் பழகணும்ல" என்றார் அப்பா.

பழகவே இல்லை. அடுத்த நாளும் கும்பிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாள் ஹார்ன் அடித்துக் கும்பிட்டார்கள். வயிறு சரியில்லாமல் கஹவத்தை ஆஸ்பத்திரிக்குப் போக நின்ற ஒருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலத்தடிக்கு ஓடினார்கள். லயத்தில் கிண்டல் ஆரம்பித்தது. "முனிக்கு பிரேக்கு புடிக்கத் தெரியல போல" என்று பீலியடியில் யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தது அப்பாவின் காதிலும் விழுந்தது. அப்பா சோறு தின்னாமல் எழுந்து போனார்.

இந்த நேரத்தில்தான் அக்கா வாயைத் திறந்தாள். வாசலில் ஏழெட்டு ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஏன் நிற்கவில்லை என்று யாரோ திரும்பவும் கேட்டார்.

"முனிக்கு நிக்கலப்பா, தண்ணிக்குத்தான் நின்னிச்சு" என்றாள் அக்கா. "ஏத்தத்துல ரேடியேட்டர் கொதிக்கும். அங்க பீலி இருந்திச்சு. நின்ன எடத்துல கும்புட்டாங்க. இப்ப ஏத்தமும் இல்ல, கொதிக்கவும் இல்ல. தலைவர் மாமாவ டிப்போவுக்குப் போகச் சொல்லுங்கப்பா. சோதன வருது."

அவள் குரல் உயரவில்லை. பாடம் சொல்கிற மாதிரி சொன்னாள். ஆம்பிளைகள் தரையைப் பார்த்தார்கள். அப்பா அவளைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதில் கோபத்தை விடப் பயம்தான் அதிகம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோட்டோரத்தில் பூசை. உடுக்கு அடிக்க அடிக்க அப்பாவுக்கு அருள் வந்தது. துண்டு அவிழ்ந்தது, கண் மேலே ஏறியது.

"தீட்டு..." என்றார் முனி. "என் பாதையில தீட்டு நடக்குது. வயசுக்கு வந்தது எனக்கு முன்னால வந்து நிக்கிது. நான் எப்புடி வண்டிய நிறுத்துவேன்?"

எல்லாத் தலைகளும் அக்காவின் பக்கம் திரும்பின. அம்மா சட்டென்று ரோட்டில் விழுந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். காம்பராவுக்குள் அப்பாவிடம் அவளால் கேட்க முடியாததை முனியிடம் கேட்டாள்.

"சாமி, நம்ம புள்ள சாமி. படிக்கிற புள்ள சாமி. மன்னிச்சி வழி விடு சாமி."

உடுக்கு மட்டும் கேட்டது. கங்காணி முன்னால் வந்து, புள்ளையை ரோட்டுப் பக்கம் விடாமல் மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பிவிடுகிறோம் சாமி என்று எல்லாருக்காகவும் வாக்குக் கொடுத்தார். அக்கா திரும்பி, செதுக்கிய படியில் ஏறி, லயத்துக்குப் போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள்.

அதற்குப் பிறகு அக்கா ரோட்டுப் பக்கம் போகவில்லை. பஸ் அப்போதும் நிற்கவில்லை.

பேர் பதிவதற்கு முன்னால் ஒரு நாள் நான் பழைய வளைவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். முனி இருந்த இடத்தில் குழி, அதில் மழைத் தண்ணீர். மூடிய ரோட்டில் அதற்குள் புல் முளைத்திருந்தது. அப்பா வந்து பீலியில் முகத்தைக் கழுவினார். பக்கத்தில் கிடந்த டின்னைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுலதான் பஸ்ஸுக்கு ஊத்துவியா?"

"ஆமாப்பா."

"தெனமுமா?"

"கொதிச்சாத்தான் ஊத்துவாங்க. கொதிக்கலன்னா நிக்கவே மாட்டாங்க. மழ நாள்ல சில நேரம் நிக்காமப் போயிரும்ல, நீங்க பாத்ததில்லையா?"

அப்பா பார்த்திருக்க முடியாது. மழை நாளில் பால் வெட்டு இருக்காது, அவர் படுத்துக் கிடப்பார். நான் சொன்னதைக் கேட்டு டின்னோடு பீலியடியில் உட்கார்ந்தார். எனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. இனி அப்பா போய்த் தலைவரிடம் பேசுவார், அக்கா பள்ளிக்கூடம் போவாள் என்று நினைத்தேன். அப்பா எழுந்தார். டின்னைப் பள்ளத்தில் எறிந்தார். அது பாறையில் மோதி மோதி இறங்குகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

"இத யாருகிட்டயும் பேசாத" என்றார்.

முதலாம் தேதி அக்காவின் பேரைப் பதிந்தார்கள். நானும் அப்பாவை வெகு காலம் வெறுத்தேன், இப்போது அப்படி வெறுக்க முடியவில்லை. அவர் பேச்சை மாற்றினால் முனி பொய் சொன்னதாகிவிடும். முனி பொய் என்றால் வெள்ளிக்கிழமை இல்லை. வெள்ளிக்கிழமை இல்லையென்றால் அவருக்கு வாரம் முழுக்கத் தலை குனிவுதான். நாங்கள் வெட்டுக்கும் ரப்பர் காட்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தோம், அவர் தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்குள் மாட்டிக்கொண்டார். ஆனால் விலை கொடுத்தது அவரில்லை, அக்கா. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை, மன்னிக்கவும் போவதில்லை.

பெரிய பள்ளிக்கூடம் போக என் முறை வந்தபோது தலைவர் யாரிடமும் சொல்லாமல் டிப்போவுக்குப் போய்க் கேட்டார். ஒரே பேச்சில் கொடுத்துவிட்டார்களாம். மஞ்சள் பலகை ஒன்றைக் கொண்டுவந்து முனிக்குப் பக்கத்திலேயே நட்டார்கள். பஸ் நின்றது. முனி மனம் இரங்கிவிட்டார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். நான் அந்தப் பஸ்ஸில் ஏறித்தான் படித்தேன், அதில் ஏறித்தான் வெளியே வந்தேன். நான் ஏறுகிற நேரத்தில் அக்கா மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். கை நிற்காது, தலை மட்டும் ஒரு தடவை ரோட்டுப் பக்கம் திரும்பும்.

அக்கா எங்கள் தோட்டத்திலேயே கட்டிக்கொடுக்கப்பட்டாள், அங்கேயே பிள்ளை பெற்றாள், அங்கேயே விதவையானாள். கஹவத்தைக்கும் இரத்தினபுரிக்கும் போய் வராமலா இருந்தாள்? போனாள். ஆனால் அந்த ஹோல்ட்டில் ஏறியதே இல்லை. ஒவ்வொரு தடவையும் ரப்பர் காட்டுக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, பாலத்தடிக்கு நடந்து போய் ஏறுவாள். வயிற்றில் பிள்ளையோடும் நடந்தாள், முழங்கால் வீங்கிய பிறகும் நடந்தாள். நான் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன்.

"சாமி சொல்லிருச்சில்லடி, நான் நின்னா நிக்காதாம்" என்பாள் சிரித்துக்கொண்டு. அது பக்தியில்லை, வீம்பு. அப்பா செத்த அன்று அவருடைய சவப்பெட்டியை அந்த ஹோல்ட் வழியாகக் கொண்டு போனார்கள். அக்கா அப்போதும் படிக்கு மேலேயே நின்றுவிட்டாள்.

போன மாதம் ரோட்டை மறுபடி அகலமாக்க வந்திருக்கிறார்கள். ஹெல்மெட் போட்ட சின்னப் பையன் ஒருவன், இஞ்சினியராம், மரியாதையான பிள்ளை. கல்லை நகர்த்த வேண்டும், பூசாரியின் குடும்பத்தில் யாராவது இருந்தால் கேட்டுச் செய்கிறோம் என்று லயத்துக்கு வந்தான். நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்த நேரம். லயத்து ஆட்கள் ரோட்டிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளி, கூரை போட்டு, டைல்ஸ் பதித்துத் தரும்படி கேட்கச் சொன்னார்கள். அக்கா அவனிடம் சிங்களத்தில் பேசினாள். நம்மில் பலரை விட நன்றாகப் பேசுவாள்.

"ரோட்டுல வேணாம் மகன். அது தண்ணிக்குப் பக்கத்துல இருந்த சாமி. அங்கேயே கொண்டு போய் விடுங்க."

லயத்தில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். ஆனால் பூசாரியின் மூத்த மகள் சொல்லுக்கு மேல் பேச யாருக்கும் துணிவு வரவில்லை. பழைய வளைவு இப்போது காடு. பீலியில் கமுகு மரம் போய் பிளாஸ்டிக் குழாய் வந்திருக்கிறது, தண்ணீர் அதே தண்ணீர்தான். மெஷின் ஒன்று முனியைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக் கொண்டுபோய் அந்தக் குழியில் வைத்தது. தப்பும் இல்லை, சேவலும் இல்லை. அக்கா ஒரு வாளி தண்ணீர் பிடித்துக் கல்லில் ஊற்றினாள்.

அன்று நான் திரும்ப வேண்டும். மகன் வேன் அனுப்புகிறேன் என்றான், வேண்டாமென்று விட்டேன். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால் அக்கா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெதுவாக இறங்கி வருகிறாள்.

"எங்கக்கா வர்ற?"

"ஏன், வரக்கூடாதா? தீட்டெல்லாம் நின்னு எத்தன காலமாச்சு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஹோல்ட்டில் முனி இருந்த இடத்தில் புது மண். பலகையை வேலைக்காரர்கள் பிடுங்கி ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். சாமியும் இல்லை, பலகையும் இல்லை. அக்கா அந்தப் புது மண்ணின் மேல் போய் நின்றாள். நான் வலது பக்கம் எட்டிப் பார்த்தேன். பஸ் வந்துகொண்டிருந்தது, நல்ல வேகத்தில்.

நான் கையைத் தூக்கப் போனேன். "நீ சும்மா இரு" என்று அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்து வெடித்த அவளுடைய கையை ரோட்டுக்கு நேரே நீட்டினாள்.

பஸ் பிரேக் பிடித்து, எங்களைத் தாண்டாமல், அவளுக்கு நேராக வந்து நின்றது.

"நகின்ன அம்மே, நகின்ன" என்று கண்டக்டர் பையன் அவளை ஏறச் சொன்னான். நான் பையோடு ஏறித் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஏறவில்லை, கையை நீட்டினபடி அங்கேயே நின்றாள்.

"அம்மே, என்னெ நத்த?" நீங்க வரலையா என்றான் அவன்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பதினாறு வயதில் புத்தகத்தை அணைத்துக்கொண்டு நின்ற அதே முகம்.

"எனக்கும் நிக்கிதுடி" என்றாள்.